பெயிண்டருடன் ஒப்பந்தம்: அடுத்த கோட்டிங் மூடிவிடுவதை எழுதி வாங்குங்கள்

திருச்சியில் பத்து வருடப் பழைய வீடு. கீழே ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. மாடியில் ஓர் அறை. பெயிண்டர் ஒரு துண்டுச்சீட்டில் "உள்ளே வெளியே ஃபுல் பெயிண்டிங், மெட்டீரியலோட 1,85,000" என்று எழுதிக் கொடுத்துப் பாதி அட்வான்ஸ் கேட்கிறார். இதற்கு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட வேண்டுமா, போட்டால் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பத்திரத்தைப் பற்றி இருந்தாலும், உங்கள் கவலை வேறு என்று புரிகிறது. சொன்ன வேலையைத்தான் அவர் செய்கிறாரா என்பதைப் பணம் கைமாறுவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் பத்திர விஷயத்தை முடித்துவிடலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சு ஒப்பந்தம்கூடச் செல்லும்; நிரூபிப்பதுதான் பாடு. வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாகக் காட்டும்போது முத்திரைக் கட்டணம் கட்டவில்லையே என்ற ஆட்சேபம் வரும். அப்போது கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டித்தான் காட்ட முடியும். ஆகவே லட்சத்தைத் தாண்டும் வேலைக்கு முத்திரைத்தாள் வாங்கிவிடுவது நல்லது. ஆனால் முத்திரைத்தாளில் அதே ஒரு வரி "ஃபுல் பெயிண்டிங்" என்று இருந்தால் அதனால் எந்தப் பயனும் இல்லை.

பெயிண்டிங் வேலையில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தை மூடிவிடும். பழைய பூச்சைச் சுரண்டினாரா என்பதை, சுவரை வழுவழுப்பாக்கப் பூசும் பட்டி மூடும். பட்டி ஒரு கோட்டா இரண்டா என்பதை, பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பிரைமர் மூடும். பிரைமர் அடித்தாரா என்பதைப் பெயிண்ட் மூடும். வேலை முடிந்த அன்றைக்கு ஒழுங்காகச் செய்த சுவரும் அரைகுறையாகச் செய்த சுவரும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரு மழைக்காலம் ஆகும். அதற்குள் கணக்கு முடிந்திருக்கும். அதனால் ஒப்பந்தத்தில் முக்கால்வாசி இடம் கலருக்கும் பிராண்டுக்கும் அல்ல, மூடிப்போகும் வேலைகளுக்குத்தான். அவை ஒவ்வொன்றும் மூடப்படுவதற்கு முன் நீங்கள் பார்த்து, அதன் பிறகே அடுத்த தவணை தருவது என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

வேலையின் எல்லையிலிருந்து தொடங்குங்கள். "உள்ளே" என்றால் உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. சீலிங் சேர்த்தியா? லாஃப்டின் உட்பக்கம்? சுவர் அலமாரிக்குள்? கதவின் மேல் விளிம்பும் பின்பக்கமும்? ஜன்னல் கம்பிக்கு எனாமல் (எண்ணெய்ப் பெயிண்ட்) அடிப்பதும் சேர்த்தியா, சுவர் மட்டுமா? "வெளியே" என்பதில் சன்ஷேடின் அடிப்பக்கம், மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவரின் உட்புறம், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படியின் அடிப்பக்கம், காம்பவுண்டுச் சுவரின் தெருப்பக்கம், கேட், மீட்டர் பெட்டி, கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் வருமா? தகராறு கிளம்புவது பெரும்பாலும் இந்த மூலை முடுக்குகளில்தான். ஒரு தாளில் அறை அறையாகப் பெயர் எழுதி, எதிரே என்னென்ன பரப்பு, எந்தப் பெயிண்ட் என்று குறியுங்கள். சேராதவற்றையும் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். "இதில் சேராதவை: காம்பவுண்டின் தெருப்பக்கம், தேக்கு வாசற்கதவு பாலிஷ்" என்பது போல. சேராதவற்றை எழுதுவது பெயிண்டருக்கும் பாதுகாப்பு.

அடுத்தது சுவரைத் தயார் செய்வது. விலையில் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பத்து வருடப் பழைய சுவரில் இப்போது என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் கலர் துணியில் இறங்கினால் அது பெரும்பாலும் டிஸ்டெம்பர் (மலிவான சுவர்ப் பூச்சு) அல்லது சுண்ணாம்பு; அதன் மேல் எது அடித்தாலும் ஒரு நாள் சேர்ந்து உரியும், முழுக்கச் சுரண்டித்தான் ஆகவேண்டும். கலர் இறங்கவில்லை, செல்லோடேப்பை ஒட்டிச் சரேலென்று இழுத்தாலும் பூச்சு வரவில்லை என்றால் பழைய எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) நன்றாகப் பிடித்திருக்கிறது. அதை முழுக்கச் சுரண்டுவது வீண்செலவு; கழுவி, உப்புத்தாள் போட்டு, குழியும் விரிசலும் உள்ள இடத்தில் மட்டும் டச்சப் பட்டி வைத்து, அந்த இடங்களில் பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் போட்டால் போதும். ஆகவே எந்த அறைக்கு "முழுப் பட்டி", எந்த அறைக்கு "டச்சப்" என்று தனித்தனியாக எழுத வேண்டும். முழுப் பட்டிக்கு விலை சொல்லிவிட்டு டச்சப்போடு முடிப்பதும், டச்சப்புக்கு விலை சொன்னவரிடம் கண்ணாடி மாதிரி சுவரை எதிர்பார்ப்பதும், இரண்டுமே நடக்கின்றன.

பட்டியிலும் இரண்டு வகை உண்டு, வரிசை மாறும். வெள்ளை சிமென்ட் பட்டியைச் சுரண்டிய சிமென்ட் பூச்சின் மேல், சுவரை ஈரப்படுத்தி நேரடியாகப் பூசுவார்கள். பிரைமர் அதற்குப் பிறகு. அக்ரிலிக் பட்டி என்றால் கீழே ஒரு பிரைமர், மேலே ஒரு பிரைமர். சிமென்ட் பட்டி எண்ணெய்ப் பெயிண்டின் மேல் பிடிக்காது. பழைய சமையலறைச் சுவரில் எனாமல் இருந்தால் அதை எடுத்தே ஆகவேண்டும். பட்டியின் இரண்டு கோட்டும் சேர்ந்து சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆழமான குழியைப் பட்டியாலேயே நிரப்பினால் வெடிக்கும், அதை முதலில் சிமென்ட் கலவையால் அடைத்துக் காயவிட வேண்டும். கலந்த பட்டியை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுகிப்போன கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பட்டிக்குப் பலம் கிடையாது, பின்னால் விரலால் தேய்த்தால் மாவாக வரும். பட்டி பார்த்த சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். உப்புத்தாள் போட்ட தூசியைத் துடைத்த பிறகும் வெள்ளையாக உதிர்ந்துகொண்டே இருந்தால் பிரைமருக்குப் போக விடாதீர்கள்.

வெளிச்சுவரில் நம் ஊரில் பலர் வெள்ளை சிமென்ட் ஒரு கோட் அடித்து அதன் மேல் பெயிண்டுக்குப் போகிறார்கள். வெள்ளை சிமென்ட்டும் சிமென்ட்தான். தண்ணீர் தெளித்து நனைக்கவில்லை என்றால் வெயிலில் பொடியாகிவிடும், மேலே அடித்த விலையுயர்ந்த எமல்ஷனையும் இழுத்துக்கொண்டு உரியும். அப்படி அடிக்கப்போகிறார் என்றால் நனைப்பது யார் பொறுப்பு என்று எழுதுங்கள். புதிதாகச் சிமென்ட் பூசிய இடம் இருந்தால் 28 நாள் விட்டுத்தான் பெயிண்ட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சைப் பூச்சில் உள்ள ஈரமும் காரமும் பெயிண்டைக் கெடுக்கும். அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுத்துப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளியலறைக்கு எதிர்ப்பக்கச் சுவர், மாடித்தளத்துக்குக் கீழே சீலிங் மூலை, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பொரியும் வெளிச்சுவர் எல்லாமே தண்ணீர்ப் பிரச்சினை. பெயிண்ட் தண்ணீரை நிறுத்தாது. "வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும், தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் உட்புறம் எதை அடித்தாலும் கொப்பளிக்கும். சந்தேகமான இடத்தில் ஒன்றரை அடி சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்து கட்டினால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அந்த இடங்களைப் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தில் "ஓதம் உள்ள இடங்கள்" என்று தனியாகப் பட்டியல் போடுங்கள். அவற்றைப் பிளம்பரோ கொத்தனாரோ முதலில் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. அங்கே பெயிண்டருக்கு உத்தரவாதப் பொறுப்பு இல்லை. மற்ற இடங்களில் அவர் பின்னால் "ஓதம்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. இந்த ஒரு பட்டியல் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்யும்.

ஓர் அறைக்கு எழுதினால் இப்படி இருக்க வேண்டும்: "முன் படுக்கையறை, நான்கு சுவர்களும் சீலிங்கும். பழைய டிஸ்டெம்பரைச் சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டி, கழுவிக் காயவைத்து, விரிசல்களை வெட்டி அடைத்து, வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட், 180 மற்றும் 320 நம்பர் உப்புத்தாள், தூசி துடைத்தல், வாட்டர் பிரைமர் ஒரு கோட், பிரைமருக்குப் பிறகு தெரியும் குறைகளுக்கு டச்சப், எமல்ஷன் (நிறுவனம், பொருளின் முழுப்பெயர், ஷேட் எண்) இரண்டு கோட். சுவர் ஒரே சீராகத் தெரியாவிட்டால் கூடுதல் கோட் அதே தொகைக்குள். சுவிட்ச் பலகைகளும் சுவரடி ஓரப் பட்டையும் (ஸ்கர்ட்டிங்) டேப் ஒட்டி மறைக்கப்படும்." கூடுதல் கோட் பற்றிய நிபந்தனை முக்கியம். அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் அடித்தாலோ, அடர் சிவப்பு, மஞ்சள் போன்ற கலர்களிலோ இரண்டு கோட் பல நேரம் போதாது. அதே தொகைக்குள் அடிக்க அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்றாவது கோட்டுக்குக் கூலி உண்டா, பெயிண்ட் செலவு யாருடையது என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

மெட்டீரியலை யார் வாங்குவது? என் கருத்து, முடிந்தால் நீங்களே கடைக்குப் போய் வாங்கிக் கூலியை மட்டும் காண்ட்ராக்ட் பேசுங்கள். அலைச்சல் உண்டு, ஆனால் எத்தனை லிட்டர் போகிறது என்று கண்ணெதிரே தெரியும். அவரே வாங்குவதாக இருந்தால் "நல்ல கம்பெனி எமல்ஷன்" என்று எழுதாதீர்கள். ஒரே நிறுவனத்திலேயே விலையில் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசமுள்ள எமல்ஷன்கள் இருக்கின்றன. பொருளின் முழுப்பெயர், மேட்டா (மினுக்கம் இல்லாதது) ஷீனா (மினுக்கம் உள்ளது), ஷேட் எண், டப்பா அளவு எல்லாம் வேண்டும். பட்டி, பிரைமர் எந்த நிறுவனம் என்பதும் வேண்டும். மலிவானதை மாற்றுவது அங்கேதான், ஏனென்றால் அது மூடிப்போகும். பில் உங்கள் பெயரில் வரட்டும். டப்பா சீல் உங்கள் முன்னால் உடைக்கப்படட்டும். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று நிறுவனங்கள் பணமாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் வைப்பது உண்டு. அந்தப் பணம் விலையில் அடங்கியதுதான். அது அவருக்கா உங்களுக்கா என்று முன்பே பேசுங்கள். அவருக்கே விட்டுவிடுவதில் தவறில்லை, ஆனால் "டோக்கன் எடுத்துட்டேன்" என்பது சீல் உடைந்த டப்பா வந்து இறங்குவதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. மிச்சப் பெயிண்டும் காலி 20 லிட்டர் வாளிகளும் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். சின்ன விஷயம்தான், கடைசி நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்ள அது போதும்.

அளவை நீங்களே சரிபார்க்கலாம். டப்பாவில் லிட்டருக்கு எத்தனை சதுர அடி என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு கோட்டுக்கா இரண்டுக்கா என்று கவனியுங்கள். வழுவழுப்பான சுவருக்கான கணக்கு அது, சொரசொரப்பான வெளிச்சுவர் அதிகம் குடிக்கும். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று போட்டிருந்தால் 2,000 சதுர அடிக்கு 20 லிட்டர். ஒருவர் 12 லிட்டரில் முடித்துவிட்டார் என்றால் ஒன்று ஒரு கோட் குறைந்திருக்கிறது, இல்லை தண்ணீர் கூடியிருக்கிறது. தண்ணீர் கலக்கும் அளவும் டப்பாவிலேயே உண்டு. பெயிண்டுக்குப் பெயிண்ட் மாறும், அதனால் "டப்பாவில் உள்ள அளவுப்படி, அளவுக் குவளை வைத்துக் கலக்க வேண்டும்" என்று எழுதினால் போதும். பட்டி சுவரின் தன்மையைப் பொறுத்து கிலோவுக்கு 10 முதல் 20 சதுர அடி வரை போகும். 40 கிலோ மூட்டைகள் எத்தனை காலியாயின என்று எண்ணினாலே முழுப் பட்டியா டச்சப்பா என்று தெரிந்துவிடும்.

கலரை ஷேட் கார்டில் முடிவு செய்யாதீர்கள். மூன்றடி சதுரத்தில் அந்தந்தச் சுவரிலேயே இரண்டு கோட் மாதிரி அடித்து, காய்ந்தபின் பகலிலும் இரவு விளக்கிலும் பார்த்து நீங்கள் கையெழுத்திட்ட பிறகே மொத்தமாக வாங்குவது என்று ஒரு வரி சேருங்கள். மெஷினில் கலந்த பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். ஒரே சுவருக்கு இரண்டு டப்பா தேவைப்பட்டால் இரண்டையும் பெரிய டிரம்மில் ஒன்றாகக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா மெல்லிய நிற வித்தியாசம் வரும், நடுச்சுவரில் அது கோடாகத் தெரியும்.

மொத்தத் தொகையா, சதுர அடிக் கணக்கா? சதுர அடி என்றால் எப்படி அளப்பது என்பதையும் எழுதியாக வேண்டும். தளப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் வரும் என்ற பொதுக்கணக்கை நம்பாதீர்கள். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் சுவர்கள் 440, சீலிங் 120, மொத்தம் 560 சதுர அடி. 3க்கு 7 கதவும் 4க்கு 4 ஜன்னலும் போக 523. இது தளப் பரப்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பெரிய ஹாலுக்குப் பெருக்கல் குறையும். எனவே டேப் பிடித்து இருவரும் சேர்ந்து அளந்து, அளவுத் தாளில் இருவரும் கையெழுத்திடுவதே சரி. கதவு ஜன்னல் கழிப்பதற்கு இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 1200-இல் முறை உண்டு: அரைச் சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிவு, ஓரங்களுக்குத் தனிக் காசு இல்லை, அதற்கும் மேல் பெரிய திறப்பு என்றால் இரண்டு பக்கமும் கழித்து, ஓரங்களைச் சேர்ப்பது. வீட்டுக் கதவு ஜன்னல் பெரும்பாலும் நடு வகையில் வரும். தனியார் வேலையில் இதைப் பின்பற்றும் கட்டாயம் இல்லை, "கழிவு ஐ.எஸ். 1200 முறைப்படி" என்று எழுதிவிட்டால் பேச்சுக்கு இடமில்லாமல் போகும். கிரில், கதவு ஆகியவற்றைச் சதுர அடியில் பேசாமல் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று பேசுவது எளிது. கிரில்லுக்குத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட், கோட்டுக்கு இடையே ஒரு இரவு என்று எழுதுங்கள். துருவின் மேலேயே எனாமல் இழுப்பதுதான் எங்கும் நடக்கும் குறுக்குவழி.

பழைய எனாமலைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் 2016 விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் வீட்டுக் கிரில்லும் கதவும் அதற்கு முன்பே அடித்தவை. அதில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, தேய்ப்பவருக்கு முகக்கவசம், அன்றன்றைக்குத் தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுப்பது என மூன்றையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் இது கட்டாயம்.

இனிப் பணம். பாதி அட்வான்ஸ் வேண்டாம். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கவும் வேண்டாம். அவர் மெட்டீரியல் வாங்க வேண்டும், சனிக்கிழமை தோறும் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டும். அந்த நெருக்கடியைத் தீர்க்கும் விதமாகத் தவணையை அமையுங்கள். மெட்டீரியல் பணத்தைக் கடைக்கு நேரடியாகக் கட்டுங்கள். கூலியில் 10 சதவீதம் தொடக்கத்தில். பட்டியும் உப்புத்தாளும் முடிந்து நீங்கள் பார்த்த பிறகு 30. பிரைமரும் முதல் கோட்டும் முடிந்ததும் 30. எல்லாம் முடிந்து சுத்தம் செய்ததும் 20. மீதி 10 சதவீதம் ஒரு மாதம் கழித்து. இந்த விகிதம் சட்டமல்ல, பேசிக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் தொடக்கத் தவணை போக, எந்தக் கட்டத்திலும் நடந்த வேலையின் மதிப்பைவிடக் கொடுத்த பணம் கூடுதலாக இருக்கக் கூடாது. வேலை பெரிது என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் கீழ்த்தளம், மாடி, வெளிப்புறம் என்று பிரித்துக்கொண்டால் சனிக்கிழமைக் கூலிக்கு அவர் கையில் பணம் இருக்கும். நீங்களும் வந்து பார்க்கச் சொன்ன ஒரு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும் என்று எழுதுங்கள். வீட்டுக்காரர் வரவில்லை என்று ஆட்கள் சும்மா உட்கார்ந்தால் அந்தக் கூலி பெயிண்டர் தலையில் விழும். பணம் யுபிஐ-யில், எந்தத் தவணை என்ற குறிப்போடு. ஜிஎஸ்டி உட்பட என்றும் எழுதுங்கள். பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்று தனியாக வசூலிக்க முடியாது.

கூடுதல் வேலைக்கு விலை முதலிலேயே இருக்கட்டும்: கூடுதல் கோட் சதுர அடிக்கு இவ்வளவு, கூடுதல் முழுப் பட்டிக்கு இவ்வளவு, நாள் கூலி ஓர் ஆளுக்கு இவ்வளவு. வாட்ஸ்அப்பில் இருவரும் ஒப்புக்கொண்ட செய்தி இல்லாமல் கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை என்று ஒரு வரி போதும். நடு வேலையில் "இதையும் அப்படியே அடிச்சிடுங்கண்ணே" என்று வாயால் சொல்லும் வழக்கத்தை வீட்டில் எல்லோரும் விட வேண்டும். மாமனார் சொன்னது, பையன் சொன்னது என்று கடைசியில் ஒரு தனிக் கணக்கு வரும்.

முடிக்க எத்தனை நாள் என்பதோடு தினம் குறைந்தது எத்தனை ஆள் என்பதையும் எழுதுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் ஒரு மேஸ்திரி நான்கு வீட்டை ஒரே நேரத்தில் ஓட்டுவார். உங்கள் வீட்டில் இரண்டு நாள் ஆள், நான்கு நாள் காலி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிச்சுவர் வேலையை வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தால் மழை நாட்கள் கணக்கில் சேராது, நனைந்த சுவர் காய்ந்த பிறகே அடிப்பது என்று எழுதுங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தொகை போடலாம். ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். பயமுறுத்தும் பெரிய தொகையை எழுதுவதில் பலன் இல்லை. தொடர்ந்து ஐந்து வேலை நாள் ஆள் வராவிட்டால், எழுத்தில் மூன்று நாள் அவகாசம் கொடுத்து, அதுவரை நடந்த வேலையை இருவரும் அளந்து கணக்கு முடித்து வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்ற விதி அதைவிட மிகவும் உபயோகமானது. அவர் அளக்க வரவே இல்லை என்றால் போட்டோவும் அளவுத் தாளும் வைத்து நீங்களே முடிக்கலாம் என்றும் சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சுவர் வேலையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. சாரம் கட்டுவது யார் செலவு, முதல் மாடிக்கு மேல் கயிறும் பெல்ட்டும் கட்டாயமா, 18 வயதுக்குக் கீழே யாரும் வேலையில் இருக்கக் கூடாது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டை ஒட்டி மின்கம்பி போனால் வேலை தொடங்குவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். ரோலரை நீளமான அலுமினியக் கம்பியில் மாட்டி வேலை செய்வது அங்கே மரணத்தை அழைப்பது. "எந்த விபத்துக்கும் உரிமையாளர் பொறுப்பல்ல" என்ற வரியைப் பலர் எழுதுகிறார்கள். அது உங்களுக்கும் காண்ட்ராக்டருக்கும் இடையில் மட்டும்தான்; விழுந்து அடிபட்ட தொழிலாளி அதில் கையெழுத்துப் போடவில்லை, அவருடைய உரிமையை அது பறிக்காது. பொறுப்பு கடைசியில் யார் மேல் விழும் என்பது நீங்களே ஆளை வைத்தீர்களா, காண்ட்ராக்டர் வைத்தாரா என்பதையெல்லாம் பொறுத்து மாறும். அந்த நிலை வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயிண்டர்கள் அதில் சேரலாம். வங்கிக் கணக்கு உள்ளவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்ந்தால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீடு. நான்கு பேருக்கு 80 ரூபாய். அதை நீங்களே கட்டிவிடலாம்.

தரையை மூடுவது, சாமான் நகர்த்துவது, சுவிட்ச் தகடுகளைக் கழற்றி மாட்டுவது, டைல்ஸ் கண்ணாடியில் தெறித்ததைச் சுத்தம் செய்வது, பிரஷ் கழுவிய தண்ணீரைச் செடிப் பாத்தியிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல் இருப்பது ஆகியவற்றை ஒரே பத்தியில் எழுதலாம். கிரானைட்டும் மார்பிளும் இருந்தால் அவற்றின் தற்போதைய நிலையைப் போட்டோ எடுத்துவையுங்கள்.

உத்தரவாதத்தில் எது உறுதி, எது இல்லை என்று பிரித்துப் பாருங்கள். ஓதம் இல்லாத சுவரில் ஒரு வருடத்துக்குள் உரிந்தால், பொடியாக உதிர்ந்தால், கொப்பளித்தால் பெரும்பாலும் அது சுவரைத் தயார் செய்ததிலோ தண்ணீர் கலந்ததிலோ உள்ள குறை; பெயிண்டர் தன் கூலியில் சரிசெய்து தர வேண்டும் என்று எழுதலாம், அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டடம் அமர்வதால் வரும் விரிசலுக்கும் வெயிலில் மெதுவாக வெளுப்பதற்கும் அவரைப் பொறுப்பாக்க முடியாது. டப்பாவில் போட்டிருக்கும் ஏழு வருட, பத்து வருட வாரண்டி நிறுவனத்துடையது, பெயிண்டருடையது அல்ல. பெரும்பாலும் அந்த நிறுவனம் சொன்ன பிரைமரும் கோட் எண்ணிக்கையும் இருந்து, பில்லும் இருந்தால்தான் செல்லும், அப்போதும் பல வாரண்டிகளில் பெயிண்ட் மட்டும் கிடைக்கும், கூலி கிடைக்காது. வாங்கும் முன் நிபந்தனைகளைப் படியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலையைக் கெடுத்துவிட்டார் என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வேலைக்கு மனுக் கட்டணம் கிடையாது. நாள் கூலிக்கு ஆள் வைத்து நீங்களே நின்று வேலை வாங்கியிருந்தால் அந்தப் பாதை சந்தேகம். அது நுகர்வோர் சட்டம் சொல்லும் சேவையே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு.

கடைசித் தவணைக்கு முன் சுவரை எப்படிப் பார்ப்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பார்வைக்குப் பார்வை குறை சொல்லிக்கொண்டே போகலாம். பகல் வெளிச்சத்தில் மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் திட்டு, வழிந்த தடம், ரோலர் விட்ட இடம் தெரியக் கூடாது. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பார்ப்பதைப் பட்டி முடிந்த கட்டத்தில் செய்யுங்கள். மேடுபள்ளம் அப்போதுதான் தெரியும், அப்போதுதான் திருத்தவும் முடியும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு டார்ச்சை எடுத்தால் எந்தச் சுவரும் தேறாது, அது பெயிண்டருக்கு அநியாயம். குறைகளை ஒரே முறை பட்டியல் போட்டுக் கொடுத்து, அவர் முடித்ததும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பெயிண்டரிடம் இதையெல்லாம் அச்சடித்து நீட்டினால் தயங்குவார். அவரோடு வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து, அறை அறையாக அவர் வாயாலேயே "இங்கே என்ன செய்வீங்க மேஸ்திரி" என்று கேட்டு அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சுற்று முடியும்போது 1,85,000 என்பது கூடலாம், குறையலாம். அந்தப் புதுத் தொகையையே ஒப்பந்தத்தில் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, அவருடைய முகவரிச் சான்றின் நகலை உங்கள் பிரதியோடு இணைத்து, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.